மாலை போட்ட கம்ப்யூட்டரை யார் தொடலாம்?

அத்தியாயம் 17

போன வாரம் மகாவை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஹாலில் அவள் கொழுந்தன் முகேஷ் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"விஜயதசமி அன்னிக்குக் காலையில நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற விண்டோஸ் நைன்டி எய்ட்டைத் தூக்கிட்டு எக்ஸ்பி போட்டுடறேன்மா. நல்ல நாளு."

அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் தினம் எட்டு மணி நேரம் உட்காருகிறவள் மகா. அவளை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவிடம் சொன்னான். அண்ணனிடம் சொன்னான். கீழ்வீட்டு ஆட்டோக்காரர் கிருஷ்ணப்பாவிடம்கூடச் சொன்னானாம். "சின்னப் பையன், நல்லதுக்குத்தானே செய்றான்" என்று அவனுக்குப் பரிந்து பேச வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவனை வில்லன் என்று நானும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவர்கள்தான் யாரையும் கேட்பதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. இந்தக் குடும்பம் இருப்பது பெங்களூர் அல்சூரில், மார்க்கெட்டுக்குப் பின்பக்கச் சந்தில், நாராயணசாமி வீட்டு மாடிப் போர்ஷனில். மாமியார் சந்திரம்மா. மகாவின் கணவன் முனிகிருஷ்ணன், கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறான். முகேஷுக்கு ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கியது அவன். அதில் வேலை செய்வது மகா. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் பேசிப் பதிவு செய்கிறார்கள். அது இங்கே வரும். மகா அதை ஹெட்போனில் கேட்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தி, டைப் அடித்துத் திருப்பி அனுப்புவாள். நான்கு வருஷமாக இதுதான்.

இன்று ஆயுத பூஜை. 2003 அக்டோபர், சனிக்கிழமை.

ராகு காலம் பத்தரைக்கு முடிந்ததும் சந்திரம்மா ஆரம்பித்துவிட்டாள். அரிவாள்மனை, சுத்தி, ஸ்பேனர், கத்தரிக்கோல் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தன. கம்ப்யூட்டருக்குத்தான் ராஜ மரியாதை. மானிட்டருக்குச் சாமந்தி மாலை. கீபோர்டின் மேல் வாழையிலைத் துண்டு. மவுஸுக்கு ஒரு பொட்டு, கீழே இருந்த பெடலுக்கும் ஒரு பொட்டு.

"காலால மிதிக்கற பொருளுக்குமா அத்தை?" என்றாள் மகா.

"மிதிச்சா இன்னா? அதுவும் ஒழைக்குது இல்ல."

முகேஷ் உள்ளே போய் ஒரு சிடியைக் கொண்டுவந்தான். "இதையும் வைம்மா. நாளைக்குப் போடப் போற எக்ஸ்பி."

சந்திரம்மா அதைப் பயபக்தியோடு வாங்கினாள். வெற்றிலைத் தட்டில் சரஸ்வதி படத்துக்கு நேராக வைத்தாள். சந்தனம், குங்குமம், மேலே மூடப் பூ; முகேஷ் அப்போது கற்பூரம் எடுக்க உள்ளே போயிருந்தான். கற்பூரம் காட்டினாள். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மகாவும் ஒற்றிக்கொண்டாள். சாமியோடு அவளுக்குச் சண்டை ஒன்றும் இல்லை.

"நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு மறுபூஜை," என்றாள் சந்திரம்மா. "அது வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது. மகா, ஒன்னத்தான் சொல்றேன். ஃபைல் வந்துது, அர்ஜென்ட்டுன்னு போய் உக்காந்துடாத."

"மறுபூஜை முடிஞ்ச ஒடனே நான் வேலையை ஆரம்பிச்சுடுவேன் அண்ணி," என்றான் முகேஷ். "ஒன்பதரைக்கெல்லாம் புது மிஷின்."

மகா சிதறிக் கிடந்த பூவைப் பொறுக்கினாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு டெஸ்ட். வீட்டிலிருந்து டைப் அடிக்கிற நாற்பது பேரில் இரண்டு பேரை அவளுடைய கம்பெனி எடிட்டர்களாக எடுக்கப் போகிறது. மற்றவர்கள் அடித்ததைத் திருத்துகிற வேலை. ஆபீஸில் சொந்தமாக ஒரு நாற்காலி. டெஸ்ட்டை அவரவர் வீட்டில், அவரவர் மிஷினில், மத்தியானம் இரண்டு மணிக்குள் அடித்து அனுப்ப வேண்டும். பெயர் கொடுத்த நாள் முதல் மகா அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய வேகம் விரலில் மட்டும் இல்லை. அந்த மிஷினில் ஒரு பழைய, குட்டிப் புரோகிராம் இருக்கிறது. நாலு எழுத்து அடித்தால் நாலு வரி வந்து விழும். எந்த எழுத்துக்கு எந்த வரி என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்கு வருஷத்தில் மகா ஆறாயிரத்து நானூறு சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அவள் நாற்பது பேரில் நாற்பதாவது.

அந்தப் புரோகிராம் எக்ஸ்பியில் திறக்காது. மகாவோடு வேலை பார்க்கும் மர்ஃபி டவுன் ஜெயலக்ஷ்மிக்கு இதுதான் ஆயிற்று. மிஷினை மாற்றினாள், பட்டியல் போயிற்று. பழைய வேகம் திரும்பி வர ஐந்து மாதம் பிடித்தது. "என் கையை யாரோ வெட்டிட்ட மாதிரி இருந்துதுடி" என்று போனில் அழுதாளாம்.

பூஜை முடிந்து பொரியும் கடலையும் கொறித்துக்கொண்டிருந்தபோது மகா மெதுவாகக் கேட்டாள். "முகேஷ், திங்கக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் விட்டுடேன். அப்புறம் என்ன வேணா பண்ணு."

"திங்கள், செவ்வாய் எனக்கு ஷிஃப்ட் அண்ணி. புதன்கிழமை எக்ஸ்பி எக்ஸாம். நாளைக்கு ஒரு நாள்தான் லீவு. எக்ஸ்பியைப் போட்டுப் பிரிச்சுப் பாத்தாத்தான் எனக்கு எக்ஸாம்ல கை வரும்." அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அவனுக்கும் ஒரு நாற்காலி தேவைப்பட்டது. "டிஸ்க் சின்னது. ரெண்டுக்கும் எடம் பத்தாது. பழசை அழிச்சுட்டுத்தான் புதுசைப் போட முடியும்."

"என் பட்டியல்?"

"ஃபைலை ஃப்ளாப்பியில எடுத்து வெச்சுடலாம்."

"வெச்சுக்கினு? பெட்டி பத்திரமா இருக்கும், சாவி இருக்காது. எதுல தொறக்கறது?"

முகேஷ் யோசித்தான். முகம் தெளிந்தது. "அப்போ இப்படிப் பண்ணலாம். காலையில அழிக்கறதுக்கு முன்னாடி நீங்க பட்டியலைத் தொறந்து குடுங்க. நான் ஒக்காந்து ஒண்ணொண்ணா பாத்து வெளிய எடுத்து, புது புரோகிராம்ல ஏத்திடறேன். எனக்கு அதுக்கு ஒரு வழி தெரியும். திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சுடும்."

நியாயமான பேச்சு. நீங்களும் நானும் சரி என்றிருப்போம்.

"வேணாம்," என்றாள் மகா.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

"அதுல அப்படி என்ன இருக்கு அண்ணி, நான் பாக்கக் கூடாதது?"

பொரியை அளந்துகொண்டிருந்த சந்திரம்மாவின் கை நின்றது.

இப்போது உங்களிடம் மட்டும் ஒரு விஷயம். ஆறாயிரத்து நானூறு சுருக்குப் பெயருக்கு ஒரு மனுஷி எங்கே போவாள்? ஞாபகத்திலும் நிற்க வேண்டும், வேகமாகவும் அடிக்க வேண்டும். மகா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணில் பட்டவர்களை எல்லாம் எடுத்துப் போட்டாள். 'அத்தை' என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் முழங்கால் வலி வரும். வீட்டுக்காரர் நாராயணசாமியின் பெயரில் பாதி அடித்தால் மலச்சிக்கல் வரும். புருஷன் பெயரிலும் ஒன்று உண்டு. முகேஷ் பெயரிலும் உண்டு, அதைத்தான் அவள் அதிகம் அடிக்கிறாள். டாக்டருக்குப் போவது வரி மட்டும்தான். பெயர் மிஷினோடு நின்றுவிடும். ஆனால் பட்டியலைத் திறந்தால் பெயரும் வரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

"சொல்லு மகா. குடும்பத்துக்குத் தெரியாம அதுல இன்னா வெச்சிருக்க?" என்றாள் சந்திரம்மா.

"வேலை விஷயம் அத்தை."

"வேலை விஷயம்னா காட்டறதுல இன்னா நஷ்டம்?"

"மிஷின் என்னுது அண்ணி," என்றான் முகேஷ். கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் சுட்டது.

கீழேயிருந்து கிருஷ்ணப்பா கன்னடத்தில் குரல் கொடுத்தார். "சந்திரம்மா, பூஜே ஆய்தா?"

"ஆய்து, பன்னி, பொரி தகோளி," என்று, முடிந்தது, வந்து பொரி வாங்கிக்கொள்ளுங்கள் என்பதை அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டுச் சந்திரம்மா எழுந்து போனாள். போகும்போது மருமகளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அது நல்ல பார்வை இல்லை.

இரண்டு மணிக்கு முனிகிருஷ்ணன் வந்தான். ஸ்டாண்டில் வேனுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தான். சாப்பாட்டில் உட்காருவதற்குள் அம்மா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் காதில் போட்டுவிட்டார்கள். மகா சாம்பார் ஊற்றினாள்.

"காட்டிட்டுப் போயேன் மகா," என்றான். "நல்ல நாளும் அதுவுமா இன்னாத்துக்குப் பேஜாரு?"

"நீயும் அதையே சொல்றியா?"

"நான் இன்னா சொல்லிட்டேன் இப்போ? மறைச்சா மறைக்கறாங்கன்னு தோணும். காட்டிட்டா ஒண்ணுமில்ல."

"ஒன் வேன்ல நீ வெச்சிருக்கற டப்பாவை எல்லாம் நான் தொறந்து பாக்கறேனா?"

முனிகிருஷ்ணன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பேச்சு அத்தோடு நின்றது.

நாலு மணிக்குத்தான் அந்தக் கூத்து நடந்தது.

முகேஷ் பூஜைத் தட்டுக்கு எதிரே குனிந்து நின்றான். ரொம்ப நேரம் நின்றான். பிறகு, "யாரு இது பண்ணது?" என்றான்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். பூ வாடி விலகியிருந்தது, சிடி பளபளப்பான பக்கம் மேலே தெரிய மல்லாந்து கிடந்தது. அதில் மூன்று விரலால் இழுத்த சந்தனம். நடுவில் கெட்டியாகக் குங்குமம். காலையிலிருந்து காய்ந்து ஓடாகிவிட்டிருந்தது.

அவன் அதை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தான். குங்குமத்தில் என்ன கலந்து விற்கிறார்களோ, சரசரவென்று சத்தம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. ஐந்து வருஷமாக இதே தொழிலில் இருக்கிறவன், போட்டுப் பார்க்கவே தேவையில்லை என்று அவன் முகம் சொன்னது.

நேரே மகாவைப் பார்த்தான். "காலையில நீங்க வேணாம்னப்பவே சந்தேகப்பட்டேன். நீங்க இவ்ளோ சீப்பா போவீங்கன்னு நெனைக்கல அண்ணி."

மகா சிடியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவளை ஏன்டா சொல்ற?" என்றாள் சந்திரம்மா. "நான்தான் வெச்சேன்."

"அம்மா, அந்தப் பக்கத்துல வெக்கக் கூடாதும்மா. அங்கதான் எல்லாம் இருக்கு."

"பளபளன்னு இருக்கறதுதானே மொகம்? முதுகுலயா பொட்டு வெப்பாங்க?"

முனிகிருஷ்ணன் சிரித்துவிட்டான். முகேஷ் அண்ணனை முறைத்தான், அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் நண்பன் பிரகாஷுக்கு சிவாஜிநகரில் போன் போட்டான். பிரகாஷிடம் எக்ஸ்பி போட்ட மிஷினே இருந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அங்கே வந்து படித்துக்கொள், சிடி அடுத்த வாரம் தருகிறேன் என்றான்.

"அவ்ளோதான். சாமியே தள்ளிப் போட்டுட்டாரு," என்று சந்திரம்மா தீர்ப்புச் சொன்னாள்.

மகா அடுப்படிக்குப் போய்க் காபிக்குப் பால் வைத்தாள். தப்பித்தோம் என்று இருந்தது. திங்கட்கிழமை பத்திரம். பட்டியல் பத்திரம். யாருக்கும் எதையும் காட்ட வேண்டாம். கதை இங்கேயே முடிந்திருக்கலாம், நானும் இந்த வாரம் சீக்கிரம் வேலையை முடித்திருப்பேன்.

முகேஷ் ஹாலில் அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது. சமாதானக் குரல்தான். அன்பான குரல் என்றுகூடச் சொல்லலாம்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. அடுத்த சனிக்கிழமை அண்ணி ஆனேக்கல்ல அவங்க அம்மா வீட்டுக்குப் போறாங்க இல்ல, அப்போ போட்டுடறேன். அவங்க இல்லாதப்ப முடிச்சுட்டா அவங்களுக்கும் டென்ஷன் இல்ல."

"அதுவும் சரிதான்," என்றாள் சந்திரம்மா.

மகா அடுப்பை அணைத்தாள். பால் பொங்கவில்லை, அவள்தான் பொங்கியிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். யாரையும் பார்க்காமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள்.

"தொடாத மகா," என்றாள் சந்திரம்மா.

மகா சாமந்தி மாலையை இரண்டு கையாலும் கழற்றினாள். கொண்டுபோய் சரஸ்வதி படத்துக்குச் சாத்தினாள். கீபோர்டின் மேல் இருந்த இலைத் துண்டை எடுத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

"சாமி குத்தம்டி. குடும்பத்துக்கு ஆகாது."

"குத்தம் என்னுது அத்தை. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"என்ன அண்ணி இது?" என்று முகேஷ் எழுந்தான். "சிடியே போச்சு. அப்புறம் எதுக்கு இவ்ளோ கோவம்?"

"சிடி போனதுல எனக்கு என்ன வந்துது? பொட்டு புண்ணியத்துல தப்பிச்சேன்னு நான் சும்மா உக்காந்திருக்கணுமா? நான் ஊருக்குப் போன நேரம் பாத்து நீ போடுவ. வந்து பாத்தா ஒண்ணும் இருக்காது. எனக்கு டென்ஷன் இல்லாம. அதானே?"

"நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நல்லதுக்குத்தான். என்னைக் கேட்டியா?"

முகேஷ் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மிஷின் ஒன்னுதுன்னு சொன்ன. ஒன்னுதுதான், இல்லேன்னு நான் சொல்லல. ஆனா உள்ள இருக்கற நாலு வருஷம் என்னுது. அதை எப்போ அழிக்கறது, எப்போ மாத்தறதுன்னு நான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது, அத்தை சொல்லக் கூடாது, பஞ்சாங்கம் சொல்லக் கூடாது. எக்ஸ்பி வேணாம்னு நான் எப்போவாவது சொன்னேனா? கேளுன்னுதான் சொல்றேன்."

நைன்டி எய்ட் எழுந்து வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஆவேசமாகப் பேசி முடித்துவிட்டு அந்த இரண்டு நிமிஷம் நிற்பது ரொம்பக் கஷ்டம். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பட்டியலைப் பாக்கணும்னீங்க இல்ல," என்றாள் மகா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "உக்காருங்க. நானே படிக்கறேன்."

திறந்தாள். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள்.

"அத்தை. இதை அடிச்சா வர்றது: நோயாளிக்கு ரெண்டு முழங்கால்லயும் ஒரு வருஷமா வலி. படி ஏறினா அதிகமாவுது. மாத்திரை சாப்பிடச் சொன்னா மறுக்கறாங்க."

சந்திரம்மா தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"முனி. ராத்திரியில பலமா கொறட்டை விடறதா மனைவி தெரிவிக்கிறார்."

"அட," என்றான் முனிகிருஷ்ணன்.

"நாரா. நாலு நாளா வெளிக்குப் போகல, வயிறு உப்பிக்கினு இருக்கு. இது வீட்டு ஓனர்." அவள் நிறுத்தவில்லை, மூச்சு வாங்கவில்லை. "முகி. நோயாளிக்கு எல்லாம் எடுத்துச் சொல்லப்பட்டது. நோயாளி கேக்கல. இது ஒரு நாளைக்கு முப்பது தடவை அடிப்பேன். அமெரிக்காவுல யாருமே டாக்டர் சொல்றதைக் கேக்கறது இல்ல."

முகேஷின் காது சிவந்துவிட்டது. "நாலு வருஷமா என்னை வெச்சு இப்படி அடிச்சுக்கினு இருந்தீங்களா?"

"ஆமா. தப்புன்னா தப்புதான். ஆனா இதாலதான் என் கை ஓடுது. நாளைக்கு நீயா தொறந்து பாத்தா எனக்கு அவமானம். இப்போ நானே சொல்லிட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பெயர்கள் ஓடின. சந்தில் இருக்கிறவர்கள், பால்காரர், கோயில் குருக்கள், அவள் படித்த ஸ்கூல் டீச்சர். சிலதைப் படித்தாள், சிலதைத் தாண்டினாள். முனிகிருஷ்ணன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தான்.

"ஆனேக்கல்னு ஒண்ணு இருந்துதே," என்றான். "அதைப் படிக்காம போயிட்ட."

மகாவின் கை மவுஸில் நின்றது. "அது இன்னிக்கு வேணாம்."

"ஏன்?"

"எல்லாம் சொல்றேன். இன்னிக்கு வேணாம்."

அவன் மேலே கேட்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

"ஏன் மகா," என்றாள் சந்திரம்மா, இத்தனை நேரத்துக்கு அப்புறம். "என் முட்டி வலி அமெரிக்காவுக்குப் போயிருக்கா?"

"தெனம் போவுது அத்தை. ஆயிரம் தடவைக்கு மேல இருக்கும்."

"மாத்திரை நான் மறுக்கல. அது வயித்தை எரிக்குது. அதையும் சேத்துப் போடு." சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "மாலையை எடுத்தது எடுத்ததுதான். அதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம்."

"எங்களுக்கெல்லாம் பேர் வெச்சியே. ஒனக்கு இன்னா வெச்சிருக்க?"

மகா கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து தன் பெயரை அடித்தாள். எம், ஏ, எச், ஏ. ஒரு தட்டு. ஒரு வரி வந்து விழுந்தது. அவள் அதைப் படிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

முகேஷ்தான் குனிந்து, அம்மாவுக்காகத் தமிழில் மெதுவாகப் படித்தான். "நோயாளி முழு நினைவோட, தெளிவா இருக்காங்க. தன்னோட விஷயத்துல தானே முடிவெடுக்கக் கூடியவங்க."

தெருவில் யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள்.

"இதை எப்போ வெச்ச?" என்று கேட்டான் முனிகிருஷ்ணன்.

"மொத மொதல்ல வெச்சதே இதுதான்."

முகேஷ் கீறல் விழுந்த சிடியைத் தட்டிலிருந்து எடுத்து விரலில் மாட்டிச் சுற்றினான். எதையோ சொல்ல ஆரம்பித்தான், நிறுத்தினான். மறுபடி ஆரம்பித்தான். அவளுடைய கல்யாணத்திலிருந்து இன்றுவரை அவன் அவளிடம் கேட்காத ஒரு கேள்வியை, முதல் தடவையாக, கொஞ்சம் குழறிக் கேட்டான்.

"அண்ணி, எக்ஸ்பி எப்போ போடலாம்?"

மகா ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். பொட்டு வைத்த பெடலின் மேல் காலை வைத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.